தூரமா என்று கேட்டிருக்க வேண்டும்

ரோடு போட வேண்டுமென்றால் முதலில் ஜல்லி வரும், தார் வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே கேள்வி கேட்க ஓர் ஆள் வருவான். அவனிடம் ஒரு மடக்கு நாற்காலி, ஒரு குடை, கிளிப் வைத்த ஓர் அட்டை, அட்டை நிறையப் படிவங்கள் இருக்கும். வழியோரத்தில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி விசாரிப்பான். எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆனி மாதத்தில், அந்த ஆளாக என்னைச் சங்கரன்கோவிலுக்கு அனுப்பினார்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மெட்ராஸ் ஆபீஸில் தற்காலிக ஊழியன். மூன்று வருஷமாகத் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் உத்தரவை நீட்டித்துக் கொடுப்பார்கள். கொடுக்கும்வரை அம்மா வீட்டில் விளக்கேற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு அந்த விளக்கில் நம்பிக்கை கிடையாது. சகுனம், ராகுகாலம், பூனை குறுக்கே போவது எதிலும் கிடையாது. அந்த வயதில் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

வேலை இதுதான். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் ரோட்டில், பனவடலிசத்திரத்துக்கு முன்னால், கிழக்கே ஒரு கரிசல் தடம் பிரியும். மூன்று மைல் உள்ளே போனால் ஒரு கிராமம். கிராமத்தைத் தாண்டியும் அந்தத் தடம் ஓடி, கடைசியில் கோவில்பட்டி ரோட்டில் முட்டும். அதைத் தார் ரோடாக்கி பஸ் விடலாமா, அல்லது டவுனுக்கு மேற்கே இருக்கும் இன்னொரு தடத்துக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கலாமா என்பதுதான் எங்கள் ஆபீஸின் ஆய்வு. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம். எந்தத் தடத்தில் ஜனங்கள் தூரம் போய் வருகிறார்களோ அந்தத் தடம் ஜெயிக்கும். மேற்குத் தடத்தை எனக்கு முன்னால் ஒருவர் வந்து முடித்துவிட்டுப் போயிருந்தார். கிழக்குத் தடம் என் பங்கு. எட்டு வாரம்.

படிவத்தில் நான்கு கேள்விகள். எங்கே போகிறீர்கள்? எங்கிருந்து வருகிறீர்கள்? எதற்காக? பஸ் இருந்தால் ஏறுவீர்களா? வரிசை மாற்றக் கூடாது, அச்சிட்டபடியே கேட்க வேண்டும் என்று மேலே ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பை எழுதியவர் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் மாடியறையில் தங்கினேன். பின்பக்கத் தெருவில் விசைத்தறிகள். காலையில் அறையைப் பூட்டும்போதும் அந்தச் சத்தம், சாயங்காலம் திறக்கும்போதும் அதே சத்தம். கரண்ட் போனால் எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். அப்போதுதான் என் அறையில் வேறு சத்தமே இல்லை என்பது தெரியும். அந்த நிசப்தம் எனக்குப் பிடிக்கவில்லை. கரண்ட் சீக்கிரம் வரட்டும் என்று இருக்கும்.

தனிமை என்ற வார்த்தையை அதற்கு முன் நான் கதைகளில்தான் பார்த்திருந்தேன். ஏதோ உயர்ந்த சரக்கு என்று நினைத்திருந்தேன். அது அப்படி ஒன்றும் இல்லை. ஓட்டல் சர்வர் "என்ன சார் சாப்பிடுதிய?" என்று கேட்பது ஒன்றுதான் நாள் முழுவதும் என்னை நோக்கி வரும் கேள்வி. அதற்காகவே சில நாள் இரண்டாவது காப்பி சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். தென்காசி வண்டி வரும். ஜனங்கள் இறங்குவார்கள், ஏறுவார்கள், ஜன்னல் வழியாகக் கை நீட்டிச் சத்தம் போட்டுப் பேசிக்கொள்வார்கள். நான் ஏற்றிவிடவும் ஆள் இல்லை, எனக்காக இறங்கவும் ஆள் இல்லை. வண்டி போனதும் எழுந்து வருவேன். ஸ்டேஷன் மாஸ்டர் மூன்றாவது வாரம் என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

வேடிக்கை என்னவென்றால், பகலெல்லாம் நான் செய்தது மனிதர்களிடம் பேசுகிற வேலை. காலை ஆறு மணிக்கு முதல் பஸ்ஸில் போய் அந்தப் பிரிவில் இறங்குவேன். பக்கத்து பம்ப்செட் அறையில் போட்டுவைத்திருக்கும் நாற்காலியை எடுத்து விரிப்பேன். மேற்கிலிருந்து, மலைக் கணவாய் வழியாக வருகிற காற்று அந்த மாதங்களில் நிற்கவே நிற்காது. குடை பத்து நாளில் முறிந்தது. படிவங்களின் மேல் கல் வைத்துவிட்டு, தடத்தில் யாராவது வந்தால் எழுந்து நின்று, "எங்கே போகிறீர்கள்?" என்பேன்.

"இங்கனதான்."

அதுதான் பதில். மிளகாய் வத்தல் மூட்டையோடு வருகிறவரும் இங்கனதான். புதுச் சட்டை போட்டு, கையில் மஞ்சப்பையோடு வருகிறவரும் இங்கனதான். மேலே ஒரு வார்த்தை கிடையாது. சிலர் அதுவும் சொல்லாமல் என்னை முறைத்துவிட்டு, தடத்தோரம் கொஞ்ச நேரம் குத்தவைத்து உட்கார்ந்து, எழுந்து போவார்கள். சிலர் வந்த வழியே திரும்பிப் போய்விடுவார்கள். அரை மணி கழித்து மறுபடி வருவார்கள். எதற்கு இந்த ஜனங்கள் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். போய்ச் சேரும் இடம் என்ற கட்டத்தில் 'உள்ளூர்' என்று எழுதுவேன். உள்ளூர், உள்ளூர், உள்ளூர். சனிக்கிழமைதோறும் அந்த வாரத்துப் படிவங்களைக் கட்டி மெட்ராஸுக்குத் தபாலில் அனுப்புவேன்.

எனக்குக் காரணம் தெரியாதா என்றால், தெரியும். எந்தத் தமிழனுக்குத்தான் தெரியாது. வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, கேட்டால் போன காரியம் ஆகாது. அம்மாவும் சொல்வாள். ஆனால் மெட்ராஸில் பஸ் கண்டக்டர் தினம் ஆயிரம் பேரை அப்படிக் கேட்கிறான், ஒருத்தரும் இறங்கி வீட்டுக்குத் திரும்பவில்லையே என்பது என் வாதம். அந்த மூடத்தனத்துக்கு சர்க்கார் படிவம் வளைந்து கொடுக்க வேண்டுமா? நான் வளையவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு நாள் காலை, தடத்திலிருந்து ஒரு வில்வண்டி வந்தது. உள்ளே பட்டுச்சேலை கட்டிய இரண்டு பெண்கள், மடியில் வெற்றிலை பாக்குப் பழம் வைத்து மூடிய தட்டு. ஓட்டிக்கொண்டு வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் கையைக் காட்டி நிறுத்தி, படிவத்தைப் பார்த்து, "எங்கே போகிறீர்கள்?" என்றேன்.

உள்ளேயிருந்து ஒரு பெண், "ஆத்தா, கோமதி!" என்று அம்மனைக் கூப்பிட்டாள். வண்டி ஓட்டி வந்தவர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. கோபம்கூட இல்லை.

"ஏ தம்பி, மகளுக்கு மாப்பிள்ளை பாக்கப் போறேன். நல்ல காரியத்துக்குக் கெளம்புன வண்டிய மறிச்சு இப்படியா கேப்ப?" என்றார். வண்டியைத் திருப்பினார். மாடுகளுக்கே விருப்பமில்லை. நான் 'தகவல் தர மறுப்பு' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு என் முன்னால் ஆட்கள் வருவது பாதியாகக் குறைந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். இருநூறு கஜம் தள்ளி, தரிசுக்குள் புதிதாக ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. ஜனங்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போய் ரோட்டில் ஏறினார்கள். தூரத்தில் அவர்களுடைய தலைகள் மட்டும் தெரியும். நான் சும்மா இருந்துவிட்டேன். உங்களுக்கு ரோடு வேண்டாமென்றால் எனக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு அழுகை வந்தது. அவர்கள் என்னைத் தவிர்த்ததற்காகத்தான், ரோட்டுக்காக இல்லை.

ஒரே ஒருவர் மட்டும் தினமும் என் முன்னாலேயே வந்தார். காலையில் முதல் ஆள். ஆறரை மணிக்கெல்லாம் தடத்தில் அவர் வருவது தெரியும். முப்பது வயதுக்குள் இருக்கும். வெளிர்நிறச் சேலை, தோளில் ஒரு பை, பைக்குள் டிபன் பாத்திரம். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள், "சங்கரன்கோவில். ஊர்ல இருந்து. ஆபீஸுக்கு. பஸ் இருந்தா ஏறுவேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டோரம் போய் நிற்பார். என் படிவத்தில் நான்கு கட்டமும் நிரம்பிய வரி அவருடையது ஒன்றுதான். இந்த ஊரில் மூளையுள்ள ஒரே ஆள் என்று அவரைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம்.

நாலாவது வாரம் ஒரு நாள், பஸ் அவருக்கு நிற்கவில்லை. படியில் ஆள் தொங்க, வேகத்தைக்கூடக் குறைக்காமல் போனது. அடுத்ததும் அப்படியே. அவர் திரும்பி வந்து, என் நாற்காலிக்குச் சற்றுத் தள்ளி இருந்த மைல்கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"இன்னைக்கும் லேட்டுதான்" என்றார், எனக்கா காற்றுக்கா என்று தெரியாமல்.

நான் நாற்காலியைக் கொடுக்க எழுந்தேன். வேண்டாமென்றார். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. டவுனில் ஓர் ஆபீஸில் தற்காலிக டைப்பிஸ்ட்டாக இருக்கிறார். கணவர் இறந்து நான்கு வருஷம். கிராமத்தில் அம்மாவோடு இருக்கிறார். மாதத்தில் மூன்று நாள் தாமதமானால் ஒரு நாள் சம்பளம் பிடிப்பார்கள். இரண்டு மெமோ வாங்கியாகிவிட்டது. மூன்றாவது வந்தால் அடுத்த நீட்டிப்பு கிடையாது என்று சூப்பிரண்டு சொல்லிவிட்டார்.

"இப்பமாவது பரவால்ல சார். ஐப்பசி மழை விழுந்துட்டுன்னா இந்தத் தடத்துல கால எடுத்து வைக்க முடியாது. ஒவ்வொரு கால்லயும் ஒரு மரக்கா மண்ணு ஒட்டிக்கிடும். மூணு மைலுக்கு ரெண்டு மணி நேரம். போன வருசம் எப்படியோ சமாளிச்சேன். இந்த வருசம் பஸ்ஸு வரலன்னா வேலை போயிரும்."

"டவுன்ல வீடு பார்த்துடலாமே?"

"தனியா ஒரு பொம்பளைக்கு, அதுவும் என்ன மாதிரி ஒருத்திக்கு, யாரு சார் வீடு தாரா?" என்றார். "வேலை போச்சுன்னா அண்ணன் வீட்டுக்குத்தான் போகணும். அம்மாவும் நானும் அங்கன சோத்துக்கு நிக்கணும். மதினி நல்லவதான். ஆனாலும் நிக்கணும்லா?"

நானும் தற்காலிகம்தான் என்றேன். "அப்படியா சார்?" என்று முதல்முறையாகச் சிரித்தார். பிறகு என் அட்டையைப் பார்த்தார். உள்ளூர், உள்ளூர், உள்ளூர்.

"சார், ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதிய. வாரவங்க போறவங்ககிட்ட எங்க போறியன்னு கேக்கிய. அதான் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்காவ. 'தூரமா?'ன்னு கேளுங்க. அப்படித்தான் கேக்கணும். அவங்களே எல்லாத்தையும் சொல்லிருவாவ."

எனக்குச் சுருக்கென்றது. என் வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன். கண்டக்டர் உதாரணம்வரை வந்துவிட்டேன். படித்தவர், ஆபீஸ் போகிறவர், நீங்களுமா இதையெல்லாம் நம்புகிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் நம்புதேன்னு சொன்னேனா?" என்றார். குரல் உயரவில்லை. "எதுத்தாப்புல நான் வந்தாலே வீட்டுக்குத் திரும்பிப் போறவங்க எங்க ஊர்ல உண்டு சார். அதனாலதான் வெள்ளன, ஒருத்தரும் கெளம்பும் முன்னால நான் வாரேன். பாதிப் பேரு உங்களுக்குப் பயந்து அந்தத் தரிசுக்குள்ள போறாவ. அதுக்கு முந்தியே எனக்குப் பயந்து ஒதுங்கிப் போனவங்கதான். நீங்களும் நானும் ஒண்ணுதான் சார், இந்தத் தடத்துல."

அடுத்த பஸ் நின்றது. ஏறிப் போய்விட்டார். அன்று முழுவதும் நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் சொன்னதில் எது என்னை அடித்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சகுனத்தை நம்பாதவன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவன் நான். அதில் அடிபட்டுக்கொண்டே அதை ஜனங்களுக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தவர் அவர். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு இன்னொன்றும் இருந்தது: ஒரு மாதத்தில் ஒருவர் என்னோடு கால் மணி நேரம் பேசியிருந்தார். அதில் எனக்கு இருந்த சந்தோஷம் வெட்கத்தைவிடப் பெரியது.

அப்படியும் நான் உடனே மாறிவிடவில்லை. அச்சிட்டபடியே கேட்க வேண்டும் என்ற குறிப்பு இருந்ததல்லவா. இன்னும் ஒரு வாரம் பழைய கேள்வியையே கேட்டேன். இப்போது முணுமுணுப்பாக. ஐந்தாவது வாரக் கடைசியில் டவுனில் ஆடித்தபசு வந்தது. திருவிழா நாட்களில் கணக்கெடுக்கக் கூடாது, கூட்டம் உண்மையான நிலவரத்தைக் காட்டாது என்பது ஆபீஸ் விதி. வேலையை நிறுத்தினேன். நான்கு வீதியும் தலையாக இருந்தது. அந்தக் கூட்டத்துக்குள் நடந்தேன். இடித்தவர்கள் எல்லோரும் யாரோடாவது வந்திருந்தார்கள். ஒரு பொம்மைக்கடை முன்னால் நின்று, யாருக்கு வாங்குவது என்று தெரியாமல், ஒன்றும் வாங்காமல் அறைக்கு வந்தேன்.

திருவிழாக் கூட்டமெல்லாம் வடிந்து, டவுன் பழையபடி ஆன பிறகு ஒரு திங்கட்கிழமை மறுபடி நாற்காலியை விரித்தேன். டைப்பிஸ்ட் பஸ் ஏறிப் போன பிறகு முதலில் வந்தவர் சைக்கிளில் ஒரு வயதானவரைப் பின்னால் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் எழுந்து, படிவத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "தூரமா, அண்ணாச்சி?" என்றேன்.

"ஆமா தம்பி, கோவில்பட்டி போணும். அய்யாவுக்குக் கண்ணு தெரிய மாட்டேங்கு. இப்படிச் சுத்தித்தான் போக வேண்டியிருக்கு. ஊருக்கு அங்கிட்டு ரோடு இருந்தா எதுக்கு இங்கன வாரோம்?"

நான்கு கட்டமும் ஒரே மூச்சில் நிரம்பியது. நான் கேட்டது ஒரு வார்த்தை. எனக்கு அவருடைய கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அந்த மூன்று வாரம் என் வாழ்க்கையில் வேறு மாதிரியான மூன்று வாரம். மடை திறந்தது போல வந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகும் பெண்கள், தரகரைப் பார்க்கப் போகிறவர், வளைகுடாவுக்குக் கிளம்பும் சினேகிதனைக் கடையநல்லூருக்குப் போய் வழியனுப்பப் போகிறவர், ஆட்டுக்கு விலை கேட்கப் போகிறவர். எல்லோருக்கும் தூரம்தான். ஒருவர்கூட உள்ளூர் இல்லை. தரிசுக்குள் விழுந்திருந்த ஒற்றையடிப் பாதை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. வில்வண்டிக்காரர்கூட ஒரு நாள் வந்து, மாட்டை நிறுத்தி, "எளுதிக்கோ தம்பி" என்று தானாகவே எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளரிக்காய் கொடுத்தார்கள். நிலக்கடலை கொடுத்தார்கள். "ஒனக்குக் கல்யாணம் ஆயிட்டா? அம்மையப்பன் எங்க இருக்காவ?" என்று என்னை விசாரித்தார்கள். நான் விலாவாரியாகப் பதில் சொன்னேன். படிவத்தில் எனக்கென்று கட்டம் இருந்திருந்தால் அதையும் நிரப்பியிருப்பேன்.

இது என் ஒரு வார்த்தையால் மட்டும் நடக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. டைப்பிஸ்ட் வீடு வீடாகப் போயிருக்கிறார். தன்னை எதிரே பார்த்தால் திரும்பிப் போகிற வீடுகளுக்கும் சாயங்காலத்தில் போய், வாசலிலேயே நின்று, அந்தத் தம்பி எழுதுவதைப் பொறுத்துத்தான் ரோடு, போய்ச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் இதை என்னிடம் சொல்லவில்லை. சைக்கிள்காரர் சொன்னார்.

கடைசி நாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் என்னிடம் வந்தார். நான் நாற்காலியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல அஞ்சு வாரம் எழுதி அனுப்பிட்டியளே சார், அத என்ன செய்வாவ?"

"அது என் தப்புன்னு எழுதிக் கொடுத்துடறேன். கேட்ட விதம் தப்பு, அந்தப் பதிலையெல்லாம் எடுத்துக்கக் கூடாதுன்னு."

"எழுதிருங்க சார்" என்றார். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "நீங்க எழுதிருவிய" என்று சொல்லிவிட்டுத் தடத்தில் நடந்தார்.

மெட்ராஸில் என் மேலதிகாரி கெட்டவர் இல்லை. எதையும் சேர்த்துப் பார்த்துக் கேள்வி கேட்கிறவர், அவ்வளவுதான். ஊர் திரும்பி ஒரு வாரத்தில் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் என் எட்டு வாரத்துப் படிவங்களின் சுருக்கம் இருந்தது. அதன் பக்கத்தில், நிரந்தரமாக்கப் பரிந்துரைக்க வேண்டியவர்களின் பட்டியல். பென்சிலில் எழுதியிருந்தது. என் பெயர் நாலாவது. தலைகீழாகவே படித்துவிட்டேன்.

"என்னப்பா இது? அஞ்சு வாரம் ஒருத்தனும் ஊரைத் தாண்டலை. கடைசி மூணு வாரம் எல்லாரும் கோவில்பட்டி போறான். எது சரி?"

என் சட்டைப்பையில் நான் எழுதிவைத்த கடிதம் இருந்தது. ஒரு பக்கம். ரயிலில் எழுதினது. கையை வைத்துப் பார்த்தேன். அதை எடுத்துக் கொடுத்தால் ஐந்து வாரம் சர்க்கார் செலவில் தப்பாகக் கேள்வி கேட்டவன் ஆவேன். அச்சிட்டபடி கேட்காமல் மாற்றிக் கேட்டவனும் நானே ஆவேன். அதுவும் ஒரு பெண் சொல்லி மாற்றியவன். இதையெல்லாம் யோசிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் பேனா மூடியைத் திருகித் திறக்கிற நேரம்.

"கடைசி மூணு வாரம் திருவிழாக் கூட்டம் சார்" என்றேன்.

"அங்கே என்ன திருவிழா?"

"ஆடித்தபசு சார். பெரிய திருவிழா."

"அப்படிச் சொல்லு" என்றார். மூன்று வாரத்தின் மேலும் குறுக்காக ஒரு கோடு போட்டார். "நல்ல வேளை கேட்டேன். மறைக்காமல் சொன்னியே" என்றும் சொன்னார்.

சைக்கிளில் வந்த கண் தெரியாதவரும், தீப்பெட்டி ஆபீஸ் பெண்களும், வில்வண்டிக்காரரும், எல்லோரும் அந்தக் கோட்டுக்கு அடியில் போனார்கள். பணம் மேற்குத் தடத்துக்குப் போயிற்று. அடுத்த மாதம் நான் நிரந்தரமானேன். அம்மா இரட்டை விளக்கேற்றினாள். அந்தக் கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. சலவைக்குப் போன சட்டையோடு போய்விட்டது.

ஐப்பசியில், மேற்குத் தடத்துக்குக் கல் நடும் வேலைக்கு என்னைத்தான் மறுபடி அனுப்பினார்கள். அந்த ஊர் உனக்குப் பழக்கம்தானே என்றார்கள். திருநெல்வேலியில் இறங்கி பஸ் பிடித்தேன். மழை. பனவடலிசத்திரம் தாண்டியதும் மழைக்கு இறக்கிவிட்டிருந்த படுதாவைத் தூக்கினேன். பிரிவில் பஸ் நிற்காமல் மெதுவாகப் போனது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார். முழங்கால்வரை கரிசல் அப்பியிருந்தது. செருப்பு ஒரு கையில், பை ஒரு கையில்.

"நிறுத்துங்க, இறங்கணும்" என்று கத்தினேன். கண்டக்டர் திட்டிக்கொண்டே விசில் கொடுத்தான், நான் இறங்கியதும் யாரையும் ஏற்றாமல் மறு விசிலும் கொடுத்தான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் இறங்கினேன். இது பொய் இல்லை. பஸ்ஸுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த முப்பது அடியில் வார்த்தைகளைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"சார்! நீங்களா?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "ஒல்லியாப் போயிட்டியளே."

ஆபீஸுக்கா என்று கேட்டேன். ஆமாம், ஆனால் இன்றோடு சரி என்றார். மூன்றாவது மெமோ போன வாரம் வந்துவிட்டது. இன்றைக்குப் போய் மெஷினையும் சாவியையும் ஒப்படைத்துவிட்டு, சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வர வேண்டும். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டு வருகிறார். அம்மாவின் ஆடுகளை விற்றாயிற்று.

"ரோடு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார். மேக்கதான்னு தாக்கல் வந்துட்டு" என்று என்னை முந்திக்கொண்டு சொன்னார். "நீங்க அதுக்கு வருத்தப்படாதிய. ஊர்ல எல்லாரும் பேசிக்கிட்டாவ. அந்தத் தம்பி நமக்காக எவ்வளவோ எழுதியிருக்கும், மேல உள்ளவங்க கேட்டிருக்க மாட்டாவன்னு. அந்த வில்வண்டி மாமாகூடச் சொன்னாவ."

மழை என் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் காத்திருந்தார்.

"ஆமாங்க. கேக்கலை" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்று தலையை ஆட்டினார். பிறகு, திடீரென்று நினைவு வந்தவர் போல, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எங்களுக்காக எழுதப் போயி உங்க வேலைக்கு ஒண்ணும் கெடுதல் வந்துரலியே சார்? எனக்கு அதான் ஒரே நெனப்பா இருந்துச்சு."

"இல்லை. நிரந்தரம் ஆயிட்டேன்."

அவர் அதற்கு உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.